ஹவானாவா, நிகராகுவாவா: சென்னையில் வாங்கி வைக்க எந்தச் சுருட்டு?

ரோபுஸ்டோ எனப்படும் குட்டையான, தடித்த அளவில் இரண்டு சுருட்டுகளை நெடுங்காலமாக மாற்றி மாற்றிப் பிடித்து வருகிறேன். ஒன்று கியூபாவின் பர்தாகாஸ் சீரி டி நம்பர் 4. இன்னொன்று நிகராகுவாவின் பத்ரோன் 1964 ஆனிவர்சரி எக்ஸ்க்ளுசிவோ. இப்போது என் பெட்டியில் பெரும்பகுதி பத்ரோன்தான். ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் ஹவானாவுக்குத்தான், அதாவது கியூபச் சுருட்டுக்குத்தான், என் ஓட்டு. ஆனால் சுருட்டு என்பது வாங்கிய அன்றே பிடித்து முடிக்கிற பொருள் இல்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்கப்போவது. இருக்கப்போகும் ஊர் சென்னை. என் தேர்வைத் தீர்மானித்தது அதுதான்.

அளவு விவரம் சுருக்கமாக: ரிங் கேஜ் என்பது குறுக்களவை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காக எண்ணுவது. இரண்டுமே 50, அதாவது 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பர்தாகாஸ் டி4-இன் நீளம் 124 மில்லிமீட்டர், உருண்டை வடிவம். எக்ஸ்க்ளுசிவோ ஐந்தரை அங்குலம், பெட்டியில் அழுத்திச் சதுரமாக்கியது. முதலாவது முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரும். இரண்டாவது அதற்கும் மேலே போகும்.

வம்சம் என்று பார்த்தால் இரண்டும் பங்காளிகள். பர்தாகாஸ் 1845-இல் ஹவானாவில் தொடங்கிய பெயர். ஹவானாச் சுருட்டுகளின் புகழுக்குக் காரணமான இலை விளைவது பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ மண்ணில். பத்ரோனை நிறுவிய ஹோசே ஓர்லாந்தோ பத்ரோன் பிறந்ததும் அதே பினார் தெல் ரியோவில். புரட்சிக்குப் பின் மயாமி போய்ச் சேர்ந்து, நண்பர் கொடுத்த ஒரு சின்னச் சுத்தியலை வைத்துத் தச்சு வேலை பார்த்துச் சேர்த்த காசில் 1964-இல் சுருட்டுத் தொழில் தொடங்கினார். பிறகு நிகராகுவாவின் எஸ்தெலிக்குப் போனார். 1978-இல் உள்நாட்டுக் கலவரத்தில் அங்கிருந்த ஆலை எரிந்தது. அதையும் தாண்டித் தொழில் நிலைத்தது. நிறுவனத்தின் 30-ஆம் ஆண்டை ஒட்டி 1994-இல் வந்தது இந்த 1964 வரிசை. இதில் சேரும் இலைகள் நான்கு ஆண்டு பதப்பட்டவை. கியூபச் சரக்குக்கு அமெரிக்கா 1962-இல் போட்ட தடையால் அந்நாட்டுக் கடைகளில் ஹவானா கிடைக்காது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே இறக்குமதி, இரண்டுமே விலை கூடியவை.

இனி ருசி. நன்றாகப் பதப்பட்ட டி4-ஐப் பற்ற வைத்ததும் முதலில் வருவது மண்வாசமும் மிளகும். நெடி முகத்தில் அடிக்காது. நாக்கின் ஓரங்களில் நிற்கும். புகையை வாயில் தேக்கிக் கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டால் தோல் மணமும் தேவதாரு மரத்தின் மணமும் தெரியும். பாதி தாண்டியதும் லேசான இனிப்பு ஒன்று எட்டிப் பார்க்கும். மூன்றில் ஒரு பங்குக்கு ஒருமுறை இப்படி முகம் மாறுவதுதான் அதன் அழகு. திண்டுக்கல், உறையூர்ச் சுருட்டுகளின் காரத்துக்குப் பழகியவர்கள்கூட இதை ‘லேசு’ என்று ஒதுக்கிவிட முடியாது. கடைசிப் பகுதியில் நிக்கோட்டின் தன் வேலையைக் காட்டும்.

எக்ஸ்க்ளுசிவோ அத்தனை முறை மாறாது. தொடக்கத்திலேயே வறுத்த காப்பிக்கொட்டை, கோகோ, கொட்டைப்பருப்பின் எண்ணெய்ப்பசை என்று ஒரு தளத்தைப் போட்டுவிடும். கடைசிவரை அதே தளம்தான், ஆழம் மட்டும் கூடிக்கொண்டே போகும். புகை தடித்தது, வாய் நிறைய வரும். சாம்பல் உறுதியாக நிற்கும். நான் சொல்வது வெளிர் மேலிலை கொண்ட நேச்சுரல் வகை. கருமையான மதுரோ வகையை அதிகம் பிடித்ததில்லை. பிடித்த வரையில் இனிப்பு தூக்கலாக இருந்தது. அதற்கு மேல் சொல்ல என் அனுபவம் போதாது.

ருசிக் குறிப்பு எழுதுவதற்கு முன்னால் சுருட்டை மதிப்பிடும் இடம் ஒன்று உண்டு. அது இழுப்பு. தலையை வெட்டியதும், பற்ற வைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் தடை தெரிய வேண்டும், காற்று தாராளமாகவும் வர வேண்டும். அதற்கும் முன்னால், விரல்களால் மெல்ல அமுக்கிக்கொண்டே நுனியிலிருந்து அடிவரை போங்கள். எங்காவது கெட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே இலை அடர்ந்திருக்கிறது. இழுப்பு இறுகினால் நாம் பலமாக இழுப்போம். பலமாக இழுத்தால் கங்கு சூடேறும். சூடேறினால் கசப்பும் தாரும்தான் மிஞ்சும். மிளகு, தோல், கோகோ எல்லாம் காணாமல் போகும். எவ்வளவு உயர்ந்த இலை என்பது அப்போது பொருட்டே இல்லை.

இழுப்பு எதனால் இறுகுகிறது? ஒரு காரணம் ஆலையில். கியூபாவில் உள்ளிலையைச் சேர்த்துக் கட்டுவதும் மேலிலை சுற்றுவதும் ஒரே தொழிலாளியின் வேலை. நிகராகுவாவில் பெரும்பாலும் இருவர் ஜோடி. ஒருவர் கட்டுவார், இன்னொருவர் சுற்றுவார். 1990-களின் கடைசியில் ஹவானாச் சுருட்டுகளின் இறுக்கத்தைப் பற்றி உலகம் முழுக்கப் பேச்சு எழுந்து, அதற்குப் பின் கியூப ஆலைகளில் இழுப்பை அளக்கும் கருவிகள் வந்தன. இன்றைக்கு அந்தக் காரணத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை.

பெரிதாக எடுப்பது இரண்டாவது காரணத்தை: ஈரம். இலை ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பினால் உள்ளே காற்றுப் போகும் சந்துகள் அடைபடும். ஹவானாவை 62 முதல் 65 சதவீத ஈரப்பதத்தில் வைப்பதுதான் நல்லது என்பது பிடிப்பவர்களிடையே பரவலான கருத்து; என் அனுபவமும் அதுதான். 70-ஐத் தொட்டாலே இழுப்பு மாறுவது தெரியும். பத்ரோன் 65 முதல் 69 வரை எங்கிருந்தாலும் முகம் சுளிக்காது. கியூப மேலிலை துணிப்பந்தலின் நிழலில் வளர்ந்த மெல்லிய இலை. உள்ளிலை உப்பும்போது அது வெடித்துவிடும். பத்ரோனின் மேலிலை வெயிலில் வளர்ந்து தடித்தது, எண்ணெய்ப்பசை உள்ளது. அதனால் கொஞ்சம் தாங்கும்.

இப்போது சென்னைக் காற்றைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மரத்தாலான ஹியூமிடார் பெட்டி உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காக்கச் செய்தது. நம் ஊரில் சிக்கலே தலைகீழ்: வெளியே இருப்பது உள்ளே வருகிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வருகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரப்பதத்தைச் சமன்செய்யும் உறைகளும்தான் இங்கே சரி. அந்த உறைகள் 62, 65, 69 என்று எண் குறித்து வருகின்றன. ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். ஆனால் மழைக்காலத்தில் அவையும் நிறைந்து பொம்மிவிடும், மாற்ற வேண்டும். ‘பிடிப்பதற்கு முன் ஒரு நாள் வெளியே வைத்து உலர விடு’ என்று வெளிநாட்டுக்காரர்கள் தரும் யோசனை டிசம்பர் மாத மயிலாப்பூரில் செல்லாது. வெளியே வைத்தால் இன்னும் நனையும். ஏசி ஓடும் அறையில் வைத்தால்தான் உலரும்.

ஆக, ஹவானா வைத்திருப்பவர் 62-க்கான டப்பா ஒன்றைத் தனியாக வைத்து, மழை மாதங்களில் வாரந்தோறும் அளவுமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்ரோனுக்கு 65 உறை போட்ட ஒரே டப்பா போதும், இரண்டு புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் மாலைப் பொழுது வீணாகாது. என் தேர்வில் தராசு சாய்ந்த இடம் இதுதான். வேலையும் பயணமும் உள்ளவருக்கு இந்தத் தாங்குதிறன் சின்ன விஷயம் இல்லை.

வண்டுத் தொல்லை இரண்டுக்கும் பொது. புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே வரலாம். அறை 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும் வாய்ப்பு கூடும், மேலிலையில் குண்டூசித் துளை தெரியும். நம் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் எந்தச் சுருட்டையும் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில், அதன்பின் வெளியே என்று படிப்படியாக எடுங்கள். ஒரேயடியாக எடுத்தால் மேலிலை விரிசல் விடும்.

விலையைப் பொறுத்தவரை கியூபச் சரக்கு சில ஆண்டுகளாக ஏறுமுகம். 2022 செப்டம்பரில் இயன் புயல் பினார் தெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டகைகளை ஏராளமாகச் சாய்த்தது, தட்டுப்பாடும் கூடியது. போலிகளும் ஹவானா பெயரில்தான் அதிகம். பத்ரோன் 1964-இல் ஒவ்வொரு சுருட்டின் இரண்டாவது பட்டையிலும் தனி எண் இருக்கும், சரிபார்க்க வசதி.

இரண்டிலும் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை; வாயோடு சரி. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம், வாய்ப்புற்று அபாயம் நிஜம். நான் எப்போதாவது ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புகைப் பழக்கமே இல்லாதவரை இதற்குள் அழைக்க மாட்டேன்.

பொறுமையும் தனி டப்பாவும் உள்ளவருக்கு டி4-ஐத் தயங்காமல் சொல்வேன். வாங்கும்போது பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஆலைக் குறியீட்டோடு மாதமும் ஆண்டும் முத்திரை இட்டிருக்கும். மூன்று நான்கு ஆண்டு பழையதாக இருந்தால் நல்லது. புதுச் சரக்கில் அம்மோனியா நெடி மிச்சம் இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பற்ற வைக்காமல், 62 உறையோடு இரண்டு மாதமாவது கிடக்க விடுங்கள்.