கொல்லைக்கு முருங்கை: போத்தா, விதையா?

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரை ஏறியபோது, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையில் நின்ற முருங்கையும் சாய்ந்தது. அப்பா காலத்து மரம். சின்ன வெங்காயமும் அந்தக் காயும் போட்டு வைத்த சாம்பார் இன்னொரு காயில் வந்ததில்லை. மரம் போன பிறகுதான், அதுவரை ஒரு செடிகூட வைத்துப் பழகாத நான் முருங்கை வளர்க்க இறங்கினேன். கிளையை வெட்டி நடும் போத்து வைப்பதா, விதை போடுவதா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் வைத்தேன். சில வருடம் கழித்துப் பார்த்தால் என் மனம் போத்துப் பக்கம்தான் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதைக்காரர்கள் சொல்வதில் பொய் இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை ரகத்தைப் போட்டால் ஆறாவது மாதம் காய்த்துவிடும். காய் இரண்டடிக்கு மேல் நீளும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் ஊன்றினால் பத்து நாளுக்குள் முளைத்து நிற்கும். இடுப்புக்கு மேல் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடிக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். இப்படி மூன்று நான்கு வருடம் ஓடும், அப்புறம் புது விதைதான். செலவு இரண்டிலும் பெரிதாக இல்லை. கம்பளிப்பூச்சி இரண்டிலும் ஏறும். அது பாகுபாடு பார்ப்பதில்லை.

போத்தில் நான் முதலில் தோற்றேன். மணிக்கட்டுப் பருமனில் நான்கடி நீளம் வெட்டி, மேல்வெட்டில் சாணம் அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டேன். அதுவரை சரி. பிறகு தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியம்மா பார்த்துவிட்டு, “தம்பி, அது முருங்கையா நாத்தங்காலா, இந்த ஊத்து ஊத்துற?” என்று கேட்டார். மூன்றாவது வாரம் கணுவில் பச்சையாகத் தளிர் வந்தது. பிடித்துவிட்டது என்று சந்தோஷத்தில் லேசாக ஆட்டிப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. பட்டை கொழகொழவென்று உரிந்து, ஊறவைத்த சணல் மாதிரி நாறியது. குச்சிக்குள் இருக்கும் சத்தை வைத்தே முருங்கை தளிர் விட்டுவிடும், வேர் அதற்குப் பிறகுதான் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்த முறை வயல் களிமண்ணை விட்டு, ஆற்று மணல் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டு நட்டேன். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். மூன்று மாதம் தொடவில்லை. நான்கில் மூன்று பிடித்தது.

காய்க்க ஒரு வருடம் ஆனது. விதைச் செடி அதற்குள் ஒரு காய்ப்பு முடித்து, வெட்டு வாங்கி, மறுபடி நின்றது. வேகம்தான் வேண்டும் என்பவர் இதோடு நிறுத்திக்கொண்டு விதை வாங்கப் போகலாம்.

டெல்டாவில் முருங்கை வைக்கிறவர் யோசிக்க வேண்டியது வேறொன்று: மரம் விழுந்த பிறகு என்ன ஆகும்? விழுமா என்ற கேள்வியே இங்கே இல்லை. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. போத்து மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, காற்றுக்கு முதலில் சாய்வது அதுதான். விதைச் செடிக்குக் கீழே முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு இறங்கியிருக்கும், வெயிலையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். ஆனால் 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் கொல்லையில் மூன்று நாள் தண்ணீர் நின்றபோது, அந்தக் கிழங்கே அழுகி நான்கு செடியில் இரண்டு போயின. போத்து மரங்கள் தப்பித்தன. இதில் போத்தின் பெருமை எவ்வளவு, மேட்டின் பெருமை எவ்வளவு என்று கேட்டால், பெரும்பங்கு மேட்டுக்குத்தான் போக வேண்டும். விதையையும் மேட்டில் போட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

கஜாவுக்குப் பிறகு கொல்லையில் நடந்ததில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த நாட்களில், வழியை அடைத்த கிளைகளை வெட்டி வேலியோரம் குவித்திருந்தோம். கார்த்திகை கழிந்து பார்த்தால், குவியலில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த துண்டுகளில் எல்லாம் நகம் அளவுக்குத் தளிர். விழுந்த மரம் அப்படியே ஐம்பது கன்றாகக் கிடந்தது. நான் அழுகவைத்ததும், பிறகு பிழைக்கவைத்ததும் அந்தக் குவியலில் எடுத்ததுதான். பெரியம்மா வீட்டுக்கு இரண்டு, மன்னார்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒன்று போயிற்று. மூன்று கொல்லையிலும் இன்று அதே மரம், அதே சதைப்பற்று, அதே சாம்பார். நாளைக்கு என் மரம் விழுந்தால் பெரியம்மா மரத்திலிருந்து ஒரு கிளை வாங்கிக்கொள்வேன்.

விதையில் இந்தத் திரும்பக் கொடுக்கல் வாங்கல் சரிப்படாது. முருங்கைப் பூவில் பூச்சி இங்கிருந்து அங்கே மகரந்தம் சுமக்கும். ஆகவே விதையில் வருவது தாயை அப்படியே உரித்து வைக்காது. எங்கள் செடிமுருங்கைக் காயிலிருந்து எடுத்துப் போட்ட விதையில் ஒன்று நன்றாகக் காய்த்தது, இன்னொன்றின் காய் நார்நாராகக் கசந்தது. செடிமுருங்கைக் கிளையையும் போத்தாக நடலாமே என்று கேட்பீர்கள். நட்டேன், ஒன்று பிடித்தது, ஒன்று பட்டுப்போயிற்று. நட்டது இரண்டே குச்சி, அதை வைத்து நான் தீர்ப்பு சொல்லக் கூடாது.

இலைக்கு மட்டும் என்றால் விதைதான். நெருக்கிப் போட்டு அடிக்கடி வெட்டினால் இளந்தழை நிறைய வரும். பொடி செய்ய நான் முதலில் காயவைத்தது ஐப்பசியில், பேப்பர் மேல் பரப்பி. ஈரக்காற்றில் இரண்டாம் நாளே கறுத்து, பூசணம் பிடித்து, குப்பைக்குப் போனது. பங்குனியில் மறுபடி, கழுவி நீர் வடித்து, வீட்டுக்குள் பழைய வேட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காலையும் மாலையும் புரட்டினேன். நான்காம் நாள் விரலால் நசுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது, நிறமும் பச்சையாகவே நின்றது. வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துவிடும், வைட்டமினும் குறையும். காம்பு மட்டும் ஈரமாக இருந்தாலும் டப்பாவுக்குள் போன பிறகு வியர்க்கும், அதனால் காம்பை உருவிவிட்டுத்தான் அரைக்கிறேன்.

இப்போது கொல்லையில் போத்து மூன்று, விதைச் செடி ஒன்று. அந்த ஒன்றும் இலைக்காக நிற்கிறது. காய் பறிக்கத் துறட்டியோடு போனால், கால் தானாகப் போத்து மரத்தடியில் போய் நின்றுவிடுகிறது.