மியூசிக் அகாடமி ஜர்னல், பழைய இதழ்கள்: பாட்டு டீச்சர் ஒருத்தியின் விமர்சனம்

எங்கள் ஊர் இசை ஆசிரியர் சங்கத்துக்கு வெள்ளி விழா மலர் போடுவதாக முடிவானதும், சங்க வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 25 வருடத்துக்கு இருந்தது மூன்றே மினிட்ஸ் நோட்டு. ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. இன்னொன்று யார் வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் கிடைத்த மூன்றாவதில் முக்கால்வாசி ஜமுக்காள வாடகையும் காபி செலவும்தான். மற்றவர்கள் எப்படித்தான் எழுதி வைத்தார்கள் என்று பார்க்கப்போய், சென்னை மியூசிக் அகாடமியின் பழைய ஜர்னல்களுக்குள் நுழைந்தேன். அவர்கள் தளத்திலேயே ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். காசு கிடையாது.

அகாடமி என்றால் எனக்கு டிசம்பர் சீசன், கேன்டீன், சங்கீத கலாநிதி விருது, அவ்வளவுதான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது. அதில் பிறந்த யோசனைதான் அகாடமி. 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. நான் கவனிக்காமல் விட்டது அடுத்த சங்கதி: சொந்தமாக ஒரு அரங்கம் கட்ட 1962 வரை காத்திருந்தவர்கள், 1931-லேயே இசை ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் அதற்குத் தலைமை ஏற்றவர் டைகர் வரதாச்சாரியார். பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அப்புறம் கலாக்ஷேத்ரா என்று போய்க் கற்பித்தவர். முடிகொண்டான் வெங்கடராம ஐயரும் பிற்பாடு அதே கல்லூரியில் முதல்வராக இருந்திருக்கிறார். மேடை வித்வான்களையே வாத்தியார்களுக்கு வாத்தியாராக உட்கார வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஜர்னல் 1930-ல் தொடங்குகிறது. என்னைக் கேட்டால் முதல் பத்து வருட இதழ்கள்தான் தங்கம். மாநாட்டுக் காலைகளில் நிபுணர் குழு உட்கார்ந்து ராக லட்சணம், அதாவது ஒவ்வொரு ராகத்தின் இலக்கணம், பேசியதை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ராகத்துக்கு இந்த ஸ்வரம் வருமா வராதா என்று ஒருவர் பாடிக்காட்டுவார். தன் பாடாந்தரத்தில், அதாவது தன் குரு வழியில் கற்ற பாட்டில், அப்படி இல்லை என்று இன்னொருவர் மறுப்பார். ஒத்துப்போனது, போகாதது இரண்டுக்கும் தாளில் இடம் உண்டு. எங்கள் நோட்டில் "விவாதத்துக்குப் பின் ஒருமனதாக" என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த விவாதத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நோட்டில் மூச்சு இல்லை.

சரி, குறைகள். பெரும்பகுதி ஆங்கிலம். தமிழில் படித்தே பழகியவர்களுக்கு முதல் ஐம்பது பக்கம் மலை ஏறுகிற மாதிரி இருக்கும். போனில் படிக்கவே படிக்காதீர்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் கட்டைவிரல் வலிதான் மிச்சம். தேவையான பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்வரக் குறிப்போடு எழுதிய பாட்டு நிறையக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் வேறு புத்தகம் தேடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று எழுந்த 1940-களின் தமிழிசைச் சண்டையை இந்த ஜர்னலை மட்டும் வைத்துக்கொண்டு புரிந்துகொள்ள முடியாது. தமிழிசைப் பக்கம் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-லேயே சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கியிருக்கிறார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 1949-லிருந்து பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சி நடத்தினார்கள். தேவாரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு அந்தப் பண் ஆராய்ச்சிதான் முதலில் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ருசி.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மார்க்கைக் குறைத்தது அந்தக் கட்டைவிரலுக்காக.

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வரலாற்றுப் பகுதியில், எழுந்து போன அந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், பெயர் போடாமல். தலைவர் படித்துவிட்டு, "இது எதுக்கும்மா?" என்றார். 1930-களின் நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.