15 இன்ச் பின்பலகையில் 20 இன்ச் எஞ்சின்: இரண்டு வருடம் ஓட்டிய கதை

பழைய எஞ்சின் 2023 மார்ச்சில் கைவிட்டது. கியர் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் புகுந்து, ஆயில் பால் காபி நிறத்தில் வந்த அன்றே தெரிந்துவிட்டது, இனி செலவு செய்து பயனில்லை என்று. என்னுடையது 22 அடி பைபர் படகு. எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போய் வருகிறேன். பழைய அளவிலேயே, படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் கேட்டேன். கடையில் இருந்தது லாங் ஷாஃப்ட், அதாவது கால் நீளமானது மட்டும். என்னுடையது ஷார்ட் ஷாஃப்ட், 15 இன்ச் உயரப் பின்பலகைக்கானது. லாங் ஷாஃப்ட் 20 இன்ச் பலகைக்கானது. "அஞ்சு இன்ச்சுதானேண்ணா, ஆழத்துல நல்லாப் புடிக்கும்" என்றார் கடைக்காரர். நானும் நம்பி வாங்கி வந்து அப்படியே மாட்டினேன்.

முதல் இரண்டு மாதம் அந்த அஞ்சு இன்ச் என்னைப் படுத்தியது. கைப்பிடியைத் திருப்பினால் படகு யோசித்துவிட்டுத்தான் திரும்பும். எஞ்சினின் கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, இரண்டு பக்கமும் தண்ணீர் எழும்பி மூடிமேல் அடிக்கும். முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் எஞ்சினின் விசிறி, அதாவது புரொப்பெல்லர், மண்ணை அள்ளும். பக்கத்துப் படகு மெக்கானிக் பார்த்துவிட்டு, "எஞ்சினைக் குளிப்பாட்டவாண்ணா இட்டுனு போற?" என்று கேட்டார். அவர்தான் அளக்கச் சொன்னார்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. விசிறிக்கு மேலே கை அகலத்துக்குப் படுக்கையாக ஒரு தகடு இருக்கும். எல்லோரும் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். உண்மையில் அதன் வேலை, மேலே இருக்கும் காற்றை விசிறி உறிஞ்சாமல் தடுப்பது. அந்தத் தகடு படகின் அடிமட்டத்துக்கு எவ்வளவு கீழே, எவ்வளவு மேலே என்பதுதான் கணக்கு. நேரான மரச்சட்டம் ஒன்றைப் படகின் அடியில் ஒட்டிவைத்துப் பின்பக்கம் நீட்டினால் தெரிந்துவிடும். என் பலகை சரியாக அளந்தால் பதினைந்தரை இன்ச். தகடு நாலரை இன்ச் கீழே கிடந்தது.

அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். இரவெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன். தகடு அடிமட்டத்துக்குச் சமமாக, முடிந்தால் அரை இன்ச் மேலே இருந்தால் படகு பறக்கும் என்று எல்லா வீடியோவும் சொன்னது. சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் படகுகள் அமைதியான ஏரியில் தண்ணீர் மேல் சறுக்கி ஓடுபவை. நம் படகு வலையும் ஐஸ் பெட்டியும் நான்கு ஆளும் ஏற்றிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டு போவது. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பலகைமேல் அஞ்சு இன்ச் மரக்கட்டை ஏற்றினேன். தகடு அடிமட்டத்துக்கு அரை இன்ச் மேலே வந்தது. காலிப் படகில் ஓட்டிப் பார்த்தால் சொர்க்கம். போன் ஜிபிஎஸ்ஸில் பழைய 11 கிலோமீட்டர் வேகம் 14 ஆனது. வலை ஏற்றிப் போகும்போதும் குறையில்லை, பின்பக்கம் கனத்தில் அமிழ்ந்து விசிறி தண்ணீருக்குள்ளேயே இருந்தது. சிக்கல் வலையை விட்ட பிறகு வந்தது. பின்பக்கம் கனம் போய்விட்டது, ஆட்கள் படகின் முன்முனையான அணியத்தில் நின்று வலை இழுக்கிறார்கள், படகு முன்பக்கம் குனிந்து பின்பக்கம் தூக்குகிறது. ஒரு அலை அடியில் போகும்போது எஞ்சின் திடீரென்று ஊளையிட்டது. சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை. விசிறி காற்றைக் கடைந்துகொண்டிருந்தது.

அதைவிடப் பயந்தது இன்னொன்றுக்கு. எஞ்சினின் பின்பக்கத்துச் சின்னத் துளையில் இருந்து கம்பிபோல் தண்ணீர் பீய்ச்சும் அல்லவா, எங்கள் ஆட்கள் மூத்திரத்தண்ணி என்பார்கள், அது விட்டு விட்டு வந்தது. குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் ஓட்டைகள் தகட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. விசிறிக்குக் காற்று கிடைத்தால் அந்த ஓட்டைக்கும் காற்றுதான். தண்ணீர் நின்றது தெரியாமல் முழு வேகத்தில் ஓட்டியிருந்தால் பிஸ்டன் கதை அன்றே முடிந்திருக்கும்.

அப்புறம்தான் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தேன். கட்டையை இரண்டே கால் இன்ச்சாகக் குறைத்தேன். முக்கால் இன்ச் பிளைவுட்டில் மூன்று பட்டைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் துளை போட்டுக் கயிறு கட்டினேன், கடலில் விழுந்தால் போய்விடக் கூடாதே. எஞ்சின் பிராக்கெட்டுக்கு அடியில் ஒரு நாள் மூன்று பட்டை, ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஒன்று. எஞ்சினையும் நைலான் கயிற்றால் படகோடு கட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மூன்று பட்டையில் வேகம் 14ஐத் தொட்டது. இரண்டில் பதிமூன்றரை. ஒன்றில் 13. ஆனால் வலை இழுக்கும் நேரத்தில், வாடைக்காற்று அலையில், ஊளையிடாமல் இருந்தது ஒரு பட்டையில் மட்டும்தான். தகடு அடிமட்டத்துக்கு ஒன்றரை இன்ச் கீழே. அதையே வைத்துக்கொண்டேன். ஒரு கிலோமீட்டர் வேகம் போனால் போகட்டும். நடைக்கு 12 லிட்டர் குடித்த எஞ்சின் இப்போது 10ல் நிற்கிறது, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் விற்கும் காலத்தில் அது போதும். எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று வைக்கும் சாய்வு ஊசியை அதற்குப் பிறகுதான் தொட்டேன். உயரம் சரியில்லாமல் சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்து முன்பு வீணாக்கிய நாள் நிறைய.

கட்டை விஷயத்தில் ஒன்று. மேலே மட்டும் மரத்தை ஒட்டவைத்தால் விசிறியின் தள்ளு அதைப் பெயர்த்துவிடும். வெளிப்பக்கப் பலகை பாதிவரை இறங்கி, பின்பலகையை ஊடுருவிய நான்கு போல்ட்டில் நிற்க வேண்டும். முதல் தடவை சாதா இரும்பு போல்ட் போட்டேன். நாலு மாதத்தில் துருக்கண்ணீர் வழிந்தது. கழற்றினால் துளையில் இருந்து பழுப்புத் தண்ணீர். பைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊற ஆரம்பித்திருந்தது. சுத்தியால் தட்டினால் நல்ல இடம் டங்கென்றது, ஊறிய இடம் பொத்தென்றது. சுரண்டி, காயவைத்து, ரெசினும் பைபர் மேட்டும் போட்டு அடைத்து, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைச் சீலன்ட் தடவி இறக்கினேன். 304 ரகமும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் கடல்தண்ணீரில் அதற்குப் பொறுமை குறைவு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மிதந்து வந்தபோது படகும் எஞ்சினும் கறுத்துப் போயின. தண்ணீர் இழுக்கும் ஓட்டையில் அடைத்த பிசுக்கைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். ஆற்றில் கிடக்கும் சாம்பல் சேறும் சேர்ந்துகொள்ள, தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் ஒன்று மாற்ற வேண்டியதாயிற்று. மற்றபடி எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. திரும்பி வந்ததும் டிரம்மில் நல்லதண்ணீர் நிரப்பி, ஓட்டை மூழ்கும்படி இறக்கிப் பத்து நிமிடம் ஓடவிடுவேன்.

நெட்டுக்குப்பத்தில் மச்சான் போன மாதம் புது எஞ்சின் வாங்கியிருக்கிறான், அதுவும் லாங் ஷாஃப்ட். என்னிடம் மிச்சமிருந்த இரண்டு பிளைவுட் பட்டைகளைக் கேட்டு வாங்கிப் போனான். கயிறு கட்டித்தான் கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் இரண்டில் ஒன்று திரும்பி வந்தால் ஆச்சரியம்தான்.