உப்புக்காற்றில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்: நிறம், சத்தம், துரு

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) வடிவ கிட்டார். பாடி கடல்பச்சை நிறம், பளபளக்கும் பாலியெஸ்டர் ஃபினிஷ். நெக் எனும் கழுத்துப் பகுதி மேப்பிள் மரம், அதன் மேல் விரல் அழுத்தும் ஃப்ரெட்போர்டு இந்தியன் லாரல். கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப்கள் மூன்று: பாடியில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் இரட்டைக் காயில் கொண்ட ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். சில வருஷங்களாக ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிப்பேன். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கல்யாண வீடுகள், திருவிழா மேடைகள் என்று அலைச்சல் அதிகம். கிட்டார் விமர்சனங்களைப் பெரும்பாலும் ஏசி அறையில் ஒரு வாரம் வாசித்துப் பார்த்தவர்கள்தான் எழுதுகிறார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஒரு கச்சான் காலமும், வடகிழக்குக் காற்று அடிக்கும் ஒரு வாடைக் காலமும் பார்த்த கிட்டாரைப் பற்றி யாரும் எழுதிக் காணோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மதுரையில் கடைக்காரர் ஒரே மாடலில் மூன்றை எடுத்து வைத்தார்: சன்பர்ஸ்ட், கறுப்பு, இந்தப் பச்சை. மூன்றையும் ஒரே ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயர்) போட்டுப் பார்த்தேன். பச்சையைத்தான் திரும்பத் திரும்பக் கையில் எடுத்தேன். அறுபதுகளில் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட பச்சை, நீல, சிவப்பு கிட்டார்களுக்கு அடித்தது டூபான்ட் கம்பெனியின் கார் பெயின்ட். அமெரிக்கத் தெருக்களில் ஓடிய கார்களின் நிறங்கள்தான் கிட்டாருக்கு வந்தன. நம் பக்கம் அதே நிறங்கள் வேறு விதமாகப் பழக்கம். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்ததும் அம்மா, "என்னடா, வள்ளத்துக்கு அடிச்ச மிச்ச பெயின்டா?" என்றார்.

நிறத்தை விட்டுவிட்டு பூச்சுக்கு வருவோம். கிட்டார் பாடியில் பொதுவாக மூன்று வகைப் பூச்சு உண்டு. பழைய கிட்டார்களிலும் இன்றைய விலை உயர்ந்தவற்றிலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மற்றவற்றில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர். நைட்ரோ மெல்லியது. வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். திடீரென்று சூடும் குளிரும் மாறினால் நரம்பு நரம்பாக வெடிப்பு விடும். சில ரப்பர் ஸ்டாண்டுகளில் சாய்த்து வைத்தால் அந்த இடத்தில் பூச்சு இளகி, தடம் பதிந்துவிடும். அந்தப் பழமையான தோற்றத்துக்காகவே பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஏசி காரிலிருந்து இறக்கி நடுமத்தியான வெயிலில் மேடை ஏற்றும் ஊரில், அந்தப் பழமை கிட்டார் பழசாகும் முன்பே வந்து சேர்ந்துவிடும்.

பாலியெஸ்டர் அதற்கு நேரெதிர். தடிமனாக, கெட்டியாக, கொஞ்சம் பிளாஸ்டிக் போல இருக்கும். ஒருமுறை மேடை இறங்கும்போது ஸ்பீக்கர் ஓரத்தில் இடித்து கீழ்முனையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம ஊத்துற ரெசின்தானே?" என்றார். அவர் சொன்னது சரி. வள்ளத்துக்கு ஹார்ட்னர் கலந்து ஊற்றும் பாலியெஸ்டர் ரெசினும் இந்தப் பூச்சும் ஒரே குடும்பம். ஹார்ட்னரோடு வினைபுரிந்துதான் இரண்டும் இறுகுகின்றன, கரைப்பான் ஆவியாகிக் காய்கிற நைட்ரோவைப் போல அல்ல. சில்லு போன இடத்தில் ஃபெவிக்விக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காயவிட்டு, தண்ணீர் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்திக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கடற்காற்று, வேர்வை, மழைச்சாரல் எதுவும் அந்தப் பூச்சை இதுவரை ஒன்றும் செய்யவில்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்புப் படலத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

மேட் ஃபினிஷ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவரிடம் மேட் கறுப்பு பாடி இருக்கிறது. கடையில் பார்க்க அசத்தலாக இருந்தது. இப்போது முன்கை படும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்துவிட்டது, உப்பு படிந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. பாலிஷ் போடவும் முடியாது, போட்டால் மேட் போய்விடும். பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறல் வேறு. (வேட்டி கட்டி வாசித்தால் இந்தக் கீறல் விழாது. இது சோதித்துப் பார்த்த உண்மை.)

இனி டோன். மெல்லிய பூச்சு இருந்தால் மரம் சுவாசிக்கும், சத்தம் திறக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. உள்ளே காலியாக இருக்கும் அகவுஸ்டிக் கிட்டாரில் மேல்பலகையே அதிர்ந்து சத்தம் தருவதால் பூச்சின் கனம் முக்கியம்தான். திட மரத்தில் செய்த எலெக்ட்ரிக்கில் காந்தப் பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை. அதே கடையில் ஒரே மாடல் மூன்றை அடுத்தடுத்து வாசித்தபோது எனக்குக் கேட்ட வித்தியாசம், டோன் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது. அந்தச் சின்ன வித்தியாசமும் பிக்கப் உயரம் ஒன்றுக்கொன்று மாறியிருந்ததால் வந்திருக்கலாம். கடைசி ஃப்ரெட்டில் (ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கம்பியை அழுத்திக்கொண்டு, தடித்த கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் சுமார் 1.6 மில்லிமீட்டர் என்று சிங்கிள் காயிலுக்கு ஒரு தொடக்க அளவு சொல்வார்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அதைச் சரி செய்து பாருங்கள். பூச்சு பற்றிய விவாதம் தானாக அடங்கிவிடும்.

ஹம்பக்கர் உள்ளதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ராக் இசை மோகம் என்று நினைக்க வேண்டாம். காரணம் சீரியல் செட். திருவிழா மேடையில் ஜெனரேட்டர், டிம்மர் லைட், தலைக்கு மேல் தோரணமாக சீரியல் பல்புகள். இதற்கு நடுவில் சிங்கிள் காயில் பிக்கப்பைப் போட்டால், வாசிக்காத நேரத்தில்கூட ஆம்ப் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கும். அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அதன் மடங்குகளையும் பிக்கப் ஆன்டெனா மாதிரி பிடிப்பதால் வருவது. இதை ஒழிக்கத்தான் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955-ல் இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றிச் சேர்த்தார். 1957-லிருந்து அந்த ஹம்பக்கர் கிட்டார்களில் வந்தது. என் கிட்டாரில் பிரிட்ஜ் ஹம்பக்கரில் பாட்டின் தாளமும் தடித்த ரிஃபும் அமைதியாக வரும். பூசையில் மெதுவான பாட்டுக்கு நெக் சிங்கிள் காயில். அது மணி மணியாகப் பேசும், கோவிலுக்குள் சீரியல் செட்டும் இல்லை.

மேடை மின்சாரம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எர்த் சரியில்லாத இடத்தில் கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். சில நேரம் சும்மா சுருக்கென்று, சில நேரம் ஆபத்தாக. மைக்கும் ஆம்ப்பும் ஒரே போர்டிலிருந்து, எர்த் உள்ள பிளக்கில் வருகிறதா என்று பார்க்காமல் நான் கிட்டாரைப் பெட்டியிலிருந்தே எடுப்பதில்லை.

சரி, உலோகத்துக்கு வருகிறேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறந்தது. உப்புக்காற்றோடு மல்லுக்கட்டுவதே அதன் பராமரிப்பாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய பாலத்துக்கே அப்படியென்றால் கிட்டாரின் மூன்று மில்லிமீட்டர் ஸ்க்ரூ எம்மாத்திரம்?

என் கிட்டாரில் முதலில் துருப்பிடித்தது பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேடில் துண்டுகளின் உயரத்தைச் சரிசெய்யும் குட்டி ஸ்க்ரூக்கள். முதல் கச்சான் காலம் முடிவதற்குள் அவை செம்பழுப்பாகி, ஆலன் கீ உள்ளே உட்கார மறுத்துவிட்டது. அடுத்து பிக்கார்டு (பாடியின் முன்பக்கத்தைக் காக்கும் தட்டு) ஸ்க்ரூக்கள். பெரிய பாகங்களான டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு), பிரிட்ஜ் தட்டு ஆகியவற்றுக்கு குரோம் பூச்சு இருந்ததால் தப்பித்தன. விலை குறைந்த கிட்டார்களில் சாதாரண எஃகு ஸ்க்ரூவுக்கு மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்திருப்பார்கள். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஃபினிஷ் விவரத்தில் இது வராது.

தீர்வு மண்டபம் ஊரில் படகுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ, 316 கிரேடு. 304-ஐவிட இதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். பிக்கார்டுக்கு ஏற்ற அளவு அங்கேயே கிடைத்தது. சேடிலுக்கான எம்3 ஸ்க்ரூக்களை மட்டும் ஆன்லைனில் வரவழைத்தேன். அமெரிக்கத் தயாரிப்பு பிரிட்ஜ்களில் பெரும்பாலும் அங்குல மரை இருக்கும், மாற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்க்ரூ இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிட்டுத் திருப்புங்கள். வேகம் காட்டினால் தலை உடைந்துவிடும். மாற்றிய பிறகு இன்றுவரை ஒரு புள்ளி துரு கிடையாது.

ஃப்ரெட் கம்பிகளுக்கு நிக்கல் சில்வர் என்று பெயர். ஆனால் அதில் வெள்ளி இல்லை; செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். துருப்பிடிக்காது, ஆனால் செம்பு இருப்பதால் மங்கி, லேசாகப் பச்சை பூக்கும். அப்போது கம்பியை வளைத்து வாசித்தால் சொரசொரவென்று கைக்குத் தெரியும். கம்பி மாற்றும்போதெல்லாம் ஃப்ரெட்போர்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிராஸோ கொஞ்சம் தொட்டுத் தேய்த்துவிடுவேன். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் உள்ள மாடல் பட்ஜெட்டில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

வால்யூம் குமிழ் திருப்பும்போது கரகரப்பு, ஜாக்கில் சத்தம் விட்டுவிட்டு வருவது, இரண்டும் இங்கே சகஜம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்துப் பத்து இருபது தடவை திருப்பினால் சரியாகிவிடும்.

கம்பிகள்தான் ஓயாத செலவு. மெல்லிய மூன்றும் தகரம் பூசிய எஃகு. கை வேர்வையும் உப்பும் சேர்ந்தால் மூன்றாவது வாரமே கறுப்புப் புள்ளி விழும். மெல்லிய பாலிமர் பூச்சு போட்ட கம்பிகள் விலை இரண்டு மூன்று மடங்கு. ஆனால் எனக்குச் சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு காலம் வருகின்றன. புதுக்கம்பியின் கிண்ணென்ற ஒலி கொஞ்சம் குறைவு என்பார்கள். எனக்குத் துருவின் சொரசொரப்பைவிட அது மேல். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது பழக்கமாகிவிட்டது.

நெக்கின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பாக வந்தது. ஏசி கடையில் வழுக்கிக்கொண்டு போனது. ஊருக்கு வந்து வேர்வைக் கையோடு வாசித்தால் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பாத்திரம் தேய்க்கும் புது ஸ்க்ரப்பரை எடுத்து, நெக்கின் நீளவாக்கில் மென்மையாகத் தேய்த்து அந்தப் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டேன். புழுக்கமான ஊர்க்காரர்கள் வாங்கும்போதே பளபளப்பில்லாத சாட்டின் நெக் கேட்பது நல்லது.

கிட்டார் இப்போது ஜன்னலுக்கு எதிர்த்த மூலையில், பீரோவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கிறது. சுவரில் மாட்டி வைத்தால் அழகுதான். கச்சான் அடிக்கிற நாளில் தரையைக் கூட்டினால் வரும் மணலைப் பார்த்தாலே அந்த ஆசை போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறும்போது நெக் லேசாக வளைந்து கம்பி உயரம் மாறும். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி, நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் எனும் இரும்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொள்வேன். பங்குனியில் மறுபடி ஒருமுறை.

இப்போது அக்கா மகன் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப்போகிறான். அவன் மனதில் இருப்பது மேட் கறுப்பு பாடி, தங்க நிற பிரிட்ஜ், தங்க நிற டியூனர். தங்கப் பூச்சு கை வேர்வைக்கே தேய்ந்துவிடும், இந்தக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். "மாமா, ஃபோட்டோல செமையா இருக்கு மாமா" என்கிறான். அதுவும் நியாயம்தான். பிரிட்ஜையும் டியூனரையும் என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம். நிறம் பிடிக்காத கிட்டாரை அவன் கையில் எடுக்கவே மாட்டான். பிடித்ததையே வாங்கட்டும், ஒரு வருஷம் கழித்து குரோம் பிரிட்ஜ் வாங்கி நானே மாட்டித் தருவதாகப் பேச்சு.