முதலில் டயர், அப்புறம்தான் ஃபோர் வீல் டிரைவ்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கனடா, ஜெர்மனி என்று கிளம்புகிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள், ஐப்பசி பிறந்தால் அவர்களிடமிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றேதான். பனியில் ஓட்ட, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் (ஆல் வீல் டிரைவ் என்றும் சொல்வார்கள்) வண்டியே வாங்கிவிடலாமா, இல்லை சாதாரண காருக்கு வின்டர் டயர் போட்டால் போதுமா? அக்கா மகன் ஒட்டாவாவிலிருந்து கூப்பிட்டு, "அம்மான், ஆல் வீல் டிரைவ் எடுத்துட்டா டயர் செலவு மிச்சம்தானே?" என்றான். மிச்சமே இல்லை மாப்பிள்ளை என்றேன். ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஊர் திரும்பும் முன் ஒட்டாவாவிலும் மான்ட்ரியலிலும் பல குளிர்காலங்கள் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒட்டாவாவில் ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி, அதோடு வந்த, வருஷம் முழுக்க ஓட்டுகிற ஆல் சீசன் டயர். மான்ட்ரியலுக்கு மாறியபின் முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கரோலா கார், நாலு சக்கரத்துக்கும் வின்டர் டயர். கடைசியில் ஆல் வீல் டிரைவும் வின்டர் டயரும் சேர்ந்தே இருந்த ஒரு வண்டி. மூன்றில் கடைசியானதுதான் சிறந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் கரோலாவைத்தான் சொல்வேன், யோசிக்கவே மாட்டேன்.

காரணம் ரொம்ப எளிது. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பும், ஏறும், புதைந்த இடத்திலிருந்து வெளியே வரும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ் என்பதற்காக ஐந்தாவது பிரேக் ஒன்றும் வருவதில்லை. வளைவில் திரும்புவதும் அப்படித்தான், உள்ளங்கை அகலத்துக்கு ரோட்டில் படிகிற ரப்பர்தான் வண்டியைப் பிடித்துத் திருப்புகிறது. ஒட்டாவாவில் அந்த எஸ்யூவி சிக்னலில் பச்சை விழுந்ததும் எல்லாருக்கும் முன்னால் ஜம்மென்று கிளம்பும். அடுத்த சிக்னலில் சிவப்பு விழும்போதுதான் விஷயம் தெரியும்: பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் கடகடவென்று காலுக்கடியில் அதிரும், வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போகும். எளிதாகக் கிளம்புகிற வண்டி, ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஓட்டுகிறவனை நம்ப வைத்துவிடுகிறது, அதுதான் பெரிய ஆபத்து.

நம்ம ஊரில் தொளி உழவு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண டிராக்டரைச் சேற்றில் இறக்க வேண்டுமென்றால் இரும்புக் கேஜ் வீலைத்தான் மாட்டுகிறார்கள், தரையைப் பிடிக்கிற இடத்தைச் சரிசெய்தால் அதே டிராக்டர் வயலில் வேலை செய்கிறது.

சரி, வின்டர் டயரில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் ரப்பர். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். காரைக்குடியில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதனால் நமக்கு இது பழக்கமில்லாத சங்கதி. மான்ட்ரியலில் ஜனவரியில் மைனஸ் இருபது என்பது சாதாரணம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிற அதே தைப்பூச நாட்களில் அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும். அந்தக் குளிரில் வின்டர் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், ஆல் சீசன் டயர் கட்டையாக இருக்கும். அப்புறம் டயரின் மேல்பரப்பில் பிளேடால் கீறியது போல நெருக்கமாக ஓடுகிற மெல்லிய வெட்டுகள். சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். பின்லாந்துக்காரர்கள் இதை 1930-களிலேயே செய்துவிட்டார்கள், நோக்கியன் கம்பெனி 1934-ல் லாரிக்கும் 1936-ல் காருக்கும் பனி டயர் கொண்டுவந்தது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று போடுகிற வெறும் எம்+எஸ் (M+S) எழுத்தை நம்ப வேண்டாம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் அந்த எழுத்து மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராக ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. மான்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம், ஆல் வீல் டிரைவுக்கு என்று எந்த விலக்கும் கிடையாது. ஒட்டாவா இருக்கிற ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்சில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

செலவைப் பற்றி. ஸ்டீல் ரிம்மோடு ஒரு செட் எனக்கு ஆயிரம் கனடா டாலர் பக்கம் ஆனது. கேட்க அதிகமாகத் தோன்றும், ஆனால் அது ஓடுகிற மாதங்களில் கோடை டயர் ஓய்வெடுக்கிறது, இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும். ஆல் வீல் டிரைவுக்கு வண்டி விலையிலேயே கூடுதல், பெட்ரோலும் வருஷம் முழுக்கக் கொஞ்சம் அதிகம் குடிக்கும். நம்மவர்களுக்கு நாள்கணக்கு சொல்ல வேண்டுமென்றால், தீபாவளி ஒட்டி மாட்டுங்கள், சித்திரை பிறந்ததும் கழற்றுங்கள். வெயிலில் விட்டால் அந்த மெத்து ரப்பர் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள், வேண்டவே வேண்டாம். முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் வண்டி அப்படியே சுழன்றுவிடும். குளிர் இறங்கியதும் காற்றழுத்தமும் குறையும், மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மாட்டியபின் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ஆல் வீல் டிரைவ் வீண் என்று சொல்லவில்லை. பனி அள்ளும் வண்டி தெருவில் போனபின் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனிக்கரையை ஒதுக்கிவிட்டுப் போகும், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அது இறுகிப்போய்க் கிடக்கும். கரோலாவை எடுக்க மண்வெட்டி பிடித்துத்தான் ஆகணும், ஆல் வீல் டிரைவ் பல நாள் அப்படியே ஏறிக் கடந்துவிடும். மலைப்பக்கம் வீடு, செங்குத்தான ஏற்றம், பனி அள்ளாத கிராமத்து ரோடு என்றால் கண்டிப்பாக எடுங்கள், வின்டர் டயரோடு எடுங்கள். ஒரு விஷயம், ஜீப், பிக்கப் வகை வண்டிகளில் லீவரைத் தள்ளிப் போடுகிற பழைய முறை ஃபோர் வீல் டிரைவை உலர்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது, திரும்பும்போது உள்ளே இறுக்கிக்கொள்ளும்.

மழை விழுந்து விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற நாள் ஒன்று வரும். 1998 ஜனவரியில் கியூபெக்கையே முடக்கிப்போட்டது அந்த மழைதான். அன்றைக்கு எந்த டயரும் எந்த டிரைவும் போதாது, வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்கு: பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு வருகிற குறியீட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 3521 என்றால் 2021-ஆம் வருஷம் 35-வது வாரம் செய்தது. டயர் மேல்பரப்பில் இருக்கிற பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் பனிக்கு அது வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. முதல் பனி விழுந்த மறுநாள் எல்லா டயர் கடையிலும் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள், இப்போதே ஃபோன் போட்டு நேரம் வாங்கி வையுங்கள்.