க்ராய்ட்ஸ்பெர்க்கா, ப்ரென்ஸ்லவர் பெர்க்கா?

பெர்லினுக்கு வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "இந்த ஓவியர், இசைக்காரர் எல்லாம் இருக்கிற ஏரியா எது?" என்பதுதான். ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அதில் இந்த இரண்டும் நிச்சயம் இருக்கும். நான் இரண்டிலும் குடியிருந்திருக்கிறேன்.

1989 வரை இரண்டுக்கும் நடுவே பெர்லின் சுவர். க்ராய்ட்ஸ்பெர்க் மேற்கு பெர்லினில், அதுவும் சுவரை ஒட்டிய ஒரு மூலையில் கிடந்தது. வசதி உள்ளவர்கள் அங்கே போக விரும்பாததால் வாடகை குறைவு. துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்கள், கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பி வந்த மேற்கு ஜெர்மானிய இளைஞர்கள், காலி வீடுகளில் அனுமதி இல்லாமல் குடியேறியவர்கள் எல்லாரும் அங்கே சேர்ந்தார்கள். கிழக்கில் ப்ரென்ஸ்லவர் பெர்க்கின் கதை வேறு. அரசு பராமரிக்காமல் விட்ட, நிலக்கரி அடுப்பில் குளிர்காய்ந்த பழைய வீடுகளில் அரசுக்கு ஒத்துவராத கவிஞர்களும் ஓவியர்களும் வாழ்ந்தார்கள். 1989இல் எதிர்ப்பாளர்கள் கூடிய கெத்செமனே தேவாலயம் இங்கேதான் இருக்கிறது.

இன்று அந்த வீடுகளுக்கு வெண்ணெய் நிறத்தில் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அங்கே கோல்விட்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் கவிஞர்களைவிடக் குழந்தை வண்டிகள்தான் அதிகம். அழகான இடம், மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மவுவர்பார்க் பழம்பொருள் சந்தையில் சுற்றிவிட்டு, பக்கத்துக் கல்படிக்கட்டில் உட்கார்ந்து, வெயில் காலத்தில் யார் யாரோ மைக் பிடித்துப் பாடுவதைக் கேட்கலாம். எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராஸெ நிலையத்தில், ரயில் பாலத்துக்கு அடியில், 1930இல் தொடங்கிய கொனோப்கே சாசேஜ் கடை. சைவக்காரர்களுக்கு வீகன் சாசேஜும் உண்டு.

க்ராய்ட்ஸ்பெர்க்கிலும் வாடகை ஏறிவிட்டது, ஆனால் அந்த ஊர் சும்மா இருக்கவில்லை. கூகுள் அங்கே ஒரு பழைய துணை மின்நிலையத்தில் தொழில்முனைவோர் வளாகம் திறக்கப் பார்த்தது. குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள், 2018இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. டெக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அப்புறம், மைபாக்ஊஃபர் சந்தை. கால்வாயைத் தாண்டினால் நியூகோல்ன் என்ற பக்கத்துப் பகுதி, சந்தை அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் க்ராய்ட்ஸ்பெர்க்வாசிகளுக்கு அது சொந்தச் சந்தை மாதிரி. செவ்வாயும் வெள்ளியும் கூடும். கத்தரிக்காய், பச்சை மிளகாய், கைகொள்ளாத கொத்தமல்லிக் கட்டு. மூடும் நேரத்தில் போனால் விலையைக் கூவிக் கூவிக் குறைப்பார்கள். ப்ரென்ஸ்லவர் பெர்க்கில் அதே பணத்துக்கு ஆர்கானிக் கொத்தமல்லி நாலு காம்பு கிடைக்கும்.

மிக்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ப்ரென்ஸ்லவர் பெர்க்கில் ஒரு ஞாயிறு காலை தேங்காய்ச் சட்னி அரைத்தேன். மறுநாள் கதவில் சீட்டு: ஞாயிறு ஓய்வு நாள், சத்தம் கூடாது. மரியாதையான எழுத்துதான், ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமை இரவே அரைத்து வைக்கப் பழகினேன். க்ராய்ட்ஸ்பெர்க்கில் யாரும் சீட்டு ஒட்டவில்லை. மாடிப்படி முழுக்க ஏதோ ஒரு சத்தம், என் மிக்சி அதில் கரைந்துபோனது. அதே காரணத்தால் வெள்ளிக்கிழமை இரவு தூக்கமும் இல்லை. கோட்புஸர் டோர் நிலையமும் கோர்லிட்ஸர் பூங்காவும் இருட்டிய பிறகு எல்லாருக்கும் ஒத்துவராது. அங்கே போதைப்பொருள் விற்பனை ஒளிவுமறைவில்லாமல் நடக்கும்.

என் தேர்வு க்ராய்ட்ஸ்பெர்க்தான், ஆனால் அதன் தெற்குப் பக்கம், ஸுட்ஸ்டெர்ன் நிலையத்தை ஒட்டி. கொஞ்சம் அமைதி உண்டு. யூ7 மெட்ரோ ரயில் ஏறினால் மாறாமலே பிளாஷ்கோஅலே நிலையம், அங்கே மயூரபதி முருகன் கோயில். கைக்குழந்தையோடு வருகிறீர்களா, யோசிக்காமல் ப்ரென்ஸ்லவர் பெர்க்.

எங்கே எடுத்தாலும் வீட்டுக்காரர் முகவரிப் பதிவுக்கான கடிதம் தருவாரா என்று முதலிலேயே கேளுங்கள். உள்வாடகை அறைகளில் பல பேர் "அது மட்டும் முடியாது" என்பார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் வரி எண் கிடைப்பதே இழுபறியாகிவிடும்.