பீரோவுக்கு வாங்குன சேலை கவர், மூணு மாசம் ஆச்சு

ஆன்லைன்ல 6 கவர் செட்டு வாங்கினேன், மேல மட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மத்தபடி நான்-வோவன்னு சொல்ற நெய்யாத துணி, ஒண்ணுல 8 காட்டன் சேலை தாராளமா நிக்குது. முன்னாடியெல்லாம் அடியில இருக்குற ஒரு சேலையை உருவினா மொத்த அடுக்கும் சரிஞ்சு என் தலைமேலயே விழும், இப்ப கவரோட இழுத்துட்டு திருப்பி சொருகிடலாம், அந்த ஒரு விஷயத்துக்கே காசு குடுக்கலாம்.

ஆனா ஜிப்பு சுத்த மோசம்ங்க, ரெண்டாவது வாரமே ஒண்ணு பல்லை இளிச்சிடுச்சு, இன்னொண்ணு முந்தானை நூலைக் கவ்விக்கிட்டு விடவே மாட்டேங்குது. பட்டுச்சேலையை மட்டும் இதுல வைக்காதீங்க, காத்து சரியா போகாம உள்ள ஈரம் நின்னா ஜரிகை கறுத்துடும், அதுக்கு பழைய வெள்ளை வேட்டிதான், அதுல சுத்தி வச்சு மூணு மாசத்துக்கு ஒருதடவை மடிப்பை மாத்திடுறேன், இல்லன்னா மடிச்ச இடத்துலயே கிழியும். பாச்சா உருண்டையும் ஜரிகைல படக்கூடாது. சுடிதார், நைட்டிக்கெல்லாம் இந்த கவர் போதும். 5க்கு 3 குடுக்கலாம், அதுவும் ஜிப்பை மெதுவா இழுக்குற ஆளா இருந்தா.